இசாமுவின் பாட்டு ஓடிய ராத்திரி

தொகுனாகா இசாமு வார்த்தைகளைச் செலவழிக்கிற ஆள் இல்லை. இமாபாரித் துறைமுகத்துக் கப்பல் பட்டறையில் பெரிய கிரேன் ஓட்டுகிறவருக்கு அதற்கு அவசியமும் இருக்கவில்லை. காலையில் இரும்பு ஏணியில் ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால், மதியச் சங்கு ஊதும்வரை கடலும் காற்றும்தான் துணை. கீழே எறும்பளவில் ஆட்கள் நடமாடுவார்கள். அதில் ஓர் எறும்பு மட்டும் மஞ்சள் தொப்பி போட்டிருக்கும். அதுதான் கன்ரோகு.

கன்ரோகுவின் வேலை கையை ஆட்டுவது. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி விரலைச் சுழற்றினால் 'தூக்கு'. உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்தினால் 'இறக்கு'. முஷ்டியை மடக்கிக் காட்டினால் 'நிறுத்து'. இரண்டு விரலை லேசாக அசைத்தால் 'மெதுவா, மெதுவா'. இருபது வருஷத்துக்கு மேலாகக் கீழே இவன் கையை ஆட்ட, மேலே அவர் நெம்புகோலை நகர்த்த, வீடு அளவுள்ள இரும்புப் பாளங்கள் வானத்தில் மிதந்து போய்க் கப்பலின் விலாவில் பூப்போல உட்காரும். அத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொண்டதில்லை.

வீட்டிலும் அப்படித்தான். "எங்க வீட்டுக்காரருக்கு மூணே வார்த்தைதான் தெரியும்" என்று அவர் மனைவி நொபுயே அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். "குளியல். சோறு. தூக்கம். நாலாவது வார்த்தை வேணும்னா வருஷப் பிறப்பு வரைக்கும் காத்திருக்கணும்."

அவருடைய குரல் வெளியே வந்த இடம் ஒன்றே ஒன்று. துறைமுகத்துக்குப் பின்னால், கயிற்றுக் கிடங்கை ஒட்டிய சந்தில், மினாமோ என்று ஒரு சின்ன மதுக்கடை. ஒரு நீள மேசை, சில உயர நாற்காலிகள், மூலையில் இசையை மட்டும் ஓட்டும் கரோக்கே பெட்டி, அதன்மேல் பாட்டு வரிகளைக் காட்டும் தொலைக்காட்சி. கடைக்காரி கினுயோவை ஊரே மம்மா என்று கூப்பிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறை விட்டதும் இசாமு, கன்ரோகு, முடிதிருத்தும் தெய்சோ மூவரும் அங்கே ஆஜர்.

கன்ரோகு எந்தப் பாட்டையும் விடமாட்டான். தெய்சோ ஒரே பாட்டைப் பாடுவார், அதுவும் சுருதி எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போய். இசாமு ஒரு ராத்திரிக்கு ஒரு தடவை, ஒரே ஒரு பாட்டு. 'பனித்துறை' என்று அதற்குப் பெயர். பனி கொட்டும் ஒரு துறையில் கடைசிப் படகைத் தவறவிட்ட பெண்ணைப் பற்றியது. கதையில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இசாமு வாயைத் திறந்தால் மம்மா குழாயை மூடிவிடுவாள். தூரத்தில் போகிற படகின் எந்திரச் சத்தம் காதுக்கு எட்டும் முன்பே நெஞ்சில் அதிருமே, அந்த மாதிரிக் குரல். பாட்டு முடிந்ததும் அவர் மைக்கை ஈரத்துண்டின்மேல் வைத்துவிட்டு, யாரோ பாடியதுபோல விஸ்கியில் தண்ணீர் கலக்க ஆரம்பிப்பார்.

மினாமோவில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி ஒட்டியதில்லை. ஒருவர் பாட்டை இன்னொருவர் தொடமாட்டார். தெய்சோவின் பாட்டைத் தொடும் துணிச்சல் யாருக்கும் இல்லை. இசாமுவின் பாட்டைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை.

பிறகு அவருக்குக் குரல் கம்மியது. சிகரெட் பழக்கம், சளி, கடல்காற்று என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லிப் பார்த்தார்கள். மத்சுயாமாவில் பெரிய மருத்துவமனைக்குப் போனபோது மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையை எடுத்தால் உயிர் இருக்கும், விட்டால் இருக்காது என்றார். நொபுயே கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். இசாமு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கிரேன் ஓட்டலாங்களா?"

ஓட்டலாம் என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டார்.

அறுவைச் சிகிச்சை முடிந்ததும் கழுத்தின் அடியில் ஒரு சின்னத் துவாரம். மூச்சு இனி அந்த வழியாகத்தான். அதை மறைக்க நொபுயே மெல்லிய பருத்தியில் சின்னச் சின்னத் துணிகள் தைத்தாள். கழுத்தில் கட்டிக்கொண்டால், மூச்சு விடும்போதெல்லாம் துணி லேசாக எழும்பித் தாழும். தொண்டையில் வைத்து அழுத்தினால் பேசுகிற ஒரு கருவியையும் கொடுத்து அனுப்பினார்கள். அவர் அதை வீட்டில் ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்தார். வண்டு சுவரில் முட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடியில் சூடு வைத்த கணப்பு மேசைக்குக் கீழே படுத்திருந்த பூனை எழுந்து ஓடியே போய்விட்டது. கருவியைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் போட்டுவிட்டார்.

குரல் போகும் என்று சொன்னவர்கள் அதோடு சேர்ந்து என்னென்ன போகும் என்று சொல்லவில்லை. சூடான சூப்பை ஊதி ஆற்ற முடியவில்லை. மாவு நூடுல்ஸைச் சர்ரென்று உறிஞ்ச முடியவில்லை. ஊரே சத்தமாக உறிஞ்சிச் சாப்பிடுகிற கடையில் அவர் மட்டும் நோயாளி மாதிரித் துண்டு துண்டாகக் கடித்து விழுங்கினார். மே மாதம் மலைச்சரிவெல்லாம் ஆரஞ்சு பூத்தபோது வாசனை அவரிடம் வரவில்லை. மூக்கு வழியாகக் காற்றே போகாதபோது வாசனை எப்படி வரும்? நொபுயே ஒரு கிளையை ஒடித்து வந்து சன்னலோரம் வைத்திருந்தாள். அவர் அதைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. அவ்வளவுதான்.

கிரேனில் மட்டும் எதுவும் மாறவில்லை. கன்ரோகு கையை ஆட்டினான், அவர் தூக்கினார், இறக்கினார். அந்தக் கூண்டில் இருக்கும்போதுதான் தான் ஊமையாகிவிட்டது அவருக்கு மறந்திருக்கும்.

மினாமோவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். நண்பர்களும் வற்புறுத்தவில்லை. பாட்டுக்கடைக்கு வா என்று அவரை எந்த வாயால் கூப்பிடுவது? வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேரும் அங்கே போய் உட்கார்ந்து சீக்கிரமே எழுந்து வந்தார்கள். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

பிப்ரவரியில் கன்ரோகுவுக்கு அறுபது நிறைந்தது. அறுபது நிறைந்தவனுக்குச் சிவப்புத் தொப்பியும் சிவப்புக் கையில்லாச் சட்டையும் மாட்டிவிட்டுக் கொண்டாடுவார்கள். பட்டறையில் அன்றோடு அவனுக்கு ஓய்வு. அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஏணி அடியில் காத்திருந்து இசாமுவை மடக்கினான்.

"டேய் இசா, இன்னிக்கு ராத்திரி மினாமோ. எம் மக அந்தச் சிவப்புச் சட்டையை வாங்கி வச்சிட்டு, அத மாட்டிட்டுத்தான் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அந்தக் கோலத்துல நான் தனியாப் போய் உக்காந்தா ஊரே சிரிக்கும். நீ வந்தாத்தான் நான் போடுவேன்."

இசாமு கழுத்துத் துணியைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார்.

"அதுக்கென்ன இப்ப? பாடுறதுக்கா கூப்பிட்டேன்? குடிக்கிறதுக்குக் கூப்பிட்டேன். வாய் இருக்கில்ல? தெய்சோ அண்ணன் பாடும்போது தனியா உக்காந்து கேக்க எனக்குத் தெம்பில்லடா. நீ பாதியை வாங்கிக்க."

இருபது வருஷமாக இவன் கை சொன்னதைக் கேட்டே பழகியவருக்கு இவன் வாய் சொன்னதை மறுக்கத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கடலிலிருந்து மூடுபனி ஏறியிருந்தது. தெருவிளக்குகள் பஞ்சுக்குள் வைத்த முட்டைபோலத் தெரிந்தன. சந்தின் முனையில் மினாமோவின் நீலப் பலகை ஒளிர்ந்தது. அதைப் பார்த்ததும் இசாமுவின் கால் கொஞ்சம் தயங்கியது. கன்ரோகு திரும்பிப் பார்த்தான். அறுபது வயதுத் தடியன், தலையில் சிவப்புத் தொப்பி, தொந்திக்கு எட்டாத சிவப்புச் சட்டை. பனிக்குள் அவன் நின்ற கோலத்தைப் பார்த்து இசாமுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும்.

"சிரிடா, சிரி. உனக்கும் இன்னும் மூணு வருஷத்துல இதே சட்டைதான்" என்றபடி கன்ரோகு கதவைத் தள்ளினான்.

மம்மா அவரைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். முகம் ஒரு கணம் எங்கெங்கோ போய்த் திரும்பி வந்தது. பிறகு மேசைமேல் சாய்ந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி,

"இசா அண்ணே! சௌக்கியமா! என்ன! குடிக்கிறீங்க!"

"மம்மா, அவனுக்குத் தொண்டைதான் போச்சு. காது அப்படியே இருக்கு. நீங்க கத்துறதுல அதுவும் போயிடப் போவுது" என்றான் கன்ரோகு.

மம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தெய்சோ முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும். மம்மா பின்பக்க அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கழுத்தில் அவர் பெயர் எழுதிய அட்டை தொங்கியது. அவர் கடைசியாக விட்டுப்போன அளவிலேயே விஸ்கி இருந்தது. கண்ணாடியில் ஒரு துளித் தூசி இல்லை.

"தினம் துடைக்கிறேன்" என்றாள், இந்தத் தடவை மெதுவாக.

குடித்தார்கள். மம்மா சுட்ட கணவாயும், எண்ணெயில் பொரித்த மீன் அப்பளமும், காடியில் ஊறிய வெள்ளரிக்காயும் எடுத்து வைத்தாள். தெய்சோ எழுந்து தன் பாட்டைப் பாடினார். சுருதி வழக்கம்போல அவரை விட்டுவிட்டுத் தனியாகப் போயிற்று. இசாமு கையைத் தட்டினார். கன்ரோகு தன் மகள் வயதுக்காரர்கள் பாடுகிற துள்ளல் பாட்டு ஒன்றைச் சிவப்புத் தொப்பியோடு ஆடிக்கொண்டே பாடினான். மேசையின் கடைசியில் ஒக்காயாமாவிலிருந்து வந்த சாய வியாபாரி ஒருவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார். கப்பலுக்குப் பூசுகிற சாயம் விற்பவர், நல்ல மாதிரி. கன்ரோகு ஆடியதற்குக் கைதட்டிவிட்டு, மீன் அப்பளத்தில் பாதியைத் தெய்சோ பக்கம் தள்ளினார். பிறகு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி மம்மாவிடம் ஓர் எண்ணைச் சொன்னார்.

எண்ணை அழுத்தப்போன மம்மாவின் விரல் நின்றது. அது எந்தப் பாட்டு என்று அவளுக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். வெளியூர் ஆளிடம் எப்படி வேண்டாம் என்பது? என்னவென்று சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு அழுத்தினாள். இன்னும் இரண்டு பாட்டு அதற்கு முன்னால் இருந்தது.

அந்த இரண்டும் முடிவதற்குள் வியாபாரியின் இடுப்பில் இருந்த பேஜர் கூவியது. "அலுவலகத்துலேர்ந்து. மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சில்லறையை எண்ணிக்கொண்டே வெளியே, சந்து முனைத் தொலைபேசிக்குப் போனார்.

அவர் போனபின் அந்த இரண்டும் முடிந்து 'பனித்துறை' தொடங்கியது.

முதல் இரண்டு சுரங்களிலேயே கடை அமைதியாகிவிட்டது. தொலைக்காட்சியில் ஒரு குளிர்காலத் துறை. வெள்ளைக் குடை பிடித்த பெண் ஒருத்தி மரப்பாலத்தில் தனியாக நடந்து போகிறாள். யாரென்று தெரியாத முகம், எந்தப் பாட்டுக்கும் பொருந்துகிற நடை. வயலின்கள் அவளுக்குப் பின்னால் மெல்ல அலையடித்தன. பாட்டின் முதல் வரி வெள்ளை எழுத்தில் வந்து, பாடுகிறவருக்காகக் காத்து நின்றது. ஈரத்துண்டின்மேல் மைக் கிடந்தது.

யாரும் அசையவில்லை. இசாமு தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பனிக்கட்டி ஒன்று மெல்லத் திரும்பிப் படுத்தது. மம்மாவின் கை நிறுத்தும் பொத்தானை நோக்கிப் போயிற்று.

அப்போது கன்ரோகு எழுந்தான். மம்மாவின் பக்கம் முஷ்டியை மடக்கிக் காட்டினான். அவளுக்குப் பட்டறைச் சைகை எதுவும் தெரியாது, ஆனால் கை நின்றுவிட்டது. பிறகு அவன் இசாமுவுக்கு நேரே திரும்பி, காலை அகட்டி நின்று, சிவப்புத் தொப்பிக்கு மேலே வலது கையை உயர்த்தினான். விரல் சுழன்றது.

தூக்கு.

இடது கையின் இரண்டு விரல்கள் லேசாக அசைந்தன. மெதுவா, மெதுவா.

எப்படி எடுத்தேன் என்று பிற்பாடு இசாமுவுக்கே தெரியவில்லை. மனசு முடிவு செய்வதற்கு முன்னால் கை போய்விட்டது. மைக் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. வெள்ளை எழுத்துகள் இடமிருந்து நீலமாகத் தொடங்கியபோது அவர் வாய் சரியாக அந்த இடத்தில் திறந்தது.

கடைசி விளக்கும் கரையைத் தாண்டிவிட்டது,
பனியே, நீயாவது என்னுடன் நில்.

சத்தம் ஒன்றும் வரவில்லை. மூச்சு கழுத்து வழியாகப் போய் வந்தது, துணி எழும்பித் தாழ்ந்தது. மைக்கில் கேட்டதெல்லாம் உதடு பிரிகிற, நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு விலகுகிற சின்னஞ்சிறு ஒலிகள். அதை அந்தப் பழைய பெட்டி தன் எதிரொலியோடு சேர்த்துப் பெரிதாக்கியது. இலைமேல் தூறல் விழுகிற மாதிரி இருந்தது. வயலின்களுக்கு அடியில், வரிக்கு வரி, அந்தத் தூறல் விழுந்துகொண்டே இருந்தது.

இசாமு திரையைப் பார்க்கவில்லை. அவருக்குத் தேவைப்படவில்லை. கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். கீழே கடல் காலை வெயிலில் தகடு தகடாக மின்னியது. ஏதோ பெரிய ஒன்று கொக்கியில் தொங்கிக்கொண்டு மேலே வந்தது. கயிறு அதிரவில்லை. அவ்வளவு கனமும் பஞ்சுபோல வந்தது. தன் குரல் அவருக்குக் கேட்டது. எங்கிருந்து கேட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் பழைய குரல்தான், எந்தக் கீறலும் இல்லாமல், அந்த மூன்றாவது வரியில் கொஞ்சம் இழுத்து இறங்குகிற இடத்தில் அப்படியே இழுத்து இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டார்.

தெய்சோவுக்கும் கேட்டது. எத்தனை வெள்ளிக்கிழமை கேட்ட குரல், காதுக்குள் அது போட்டுவைத்த தடம் இன்னும் இருந்தது. உதட்டைப் பார்த்தாலே போதும், அந்தத் தடத்தில் அது ஓடியது. மம்மா வழக்கம்போலக் குழாயை மூடியிருந்தாள். எப்போது மூடினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டாவது சரணத்தில் கதவு திறந்தது. சாய வியாபாரி பனியோடு உள்ளே வந்தார். தன் பாட்டை யாரோ பாடுவதைப் பார்த்தார். பாடுகிறவர் வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை.

"அடடா, மைக் வேலை செய்யல போலிருக்கே, மம்மா" என்றார், உதவுகிற எண்ணத்தில்.

கன்ரோகு கையை இறக்காமலே, திரும்பாமலே சொன்னான். "நல்லாத்தான் வேலை செய்யுது. உக்காருங்க."

அவன் குரலில் கோபம் இல்லை. ஆனாலும் அவர் சத்தம் போடாமல் உட்கார்ந்தார். அப்போதுதான் அந்தக் கழுத்துத் துணியைக் கவனித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார், கோயிலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

திரையில் வெள்ளைக் குடைப் பெண் பாலத்தின் முனைக்கு வந்து நின்றாள். கடைசி வரி நீலமாகி மறைந்தது. கன்ரோகு உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல, மிக மெல்லத் தாழ்த்தினான். இசாமு மைக்கை ஈரத்துண்டின்மேல் வைத்தார்.

யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா என்று தெரியாமல் எல்லாரும் கையைப் பாதி தூக்கி வைத்திருந்தார்கள். அதற்குள் பெட்டி தன் கடமையைச் செய்தது. முரசு கொட்டி, வண்ண விளக்கு மின்னி, திரையில் மதிப்பெண் வந்தது.

ஒன்பது.

நூற்றுக்கு ஒன்பது. மம்மா முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஒம்பதா?" என்று கன்ரோகு பெட்டியைப் பார்த்து அதட்டினான். "எதுக்குடா அந்த ஒம்பது? மூச்சு விட்டதுக்கா?"

இசாமுதான் முதலில் சிரித்தார். தோள் குலுங்கியது, துணி படபடத்தது, கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பார்த்துத் தெய்சோ சிரித்தார், வியாபாரி சிரித்தார், மம்மா அழுகையும் சிரிப்புமாகப் பாத்திரம் கழுவும் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குப் போன மாசம் நாப்பத்தி மூணு" என்றார் தெய்சோ. "தொண்டை கிழியப் பாடி நாப்பத்தி மூணு. இவன் சும்மா நின்னுட்டு ஒம்பது வாங்கிட்டான். கணக்குப் பாத்தா இவன்தாம்ப்பா லாபம்."

சாய வியாபாரி எழுந்து வந்து இசாமுவுக்கு முன்னால் குனிந்து வணங்கினார். "தெரியாமச் சொல்லிட்டேங்க. உங்க பாட்டு இதுன்னு எனக்குத் தெரியாது." இசாமு அவர் தம்ளரைத் தன் பக்கம் இழுத்துத் தன் புட்டியிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். ஒரு வருஷமாகக் குறையாமல் இருந்த அந்தப் புட்டி அன்று ராத்திரி வேகமாகக் குறைந்தது.

கலகலப்பு கொஞ்சம் அடங்கியபின் கன்ரோகு இசாமுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"ஒண்ணு சொல்றேன் கேளு. இவங்களுக்கெல்லாம் இன்னிக்குத்தான் இப்படிப் புதுசு. எனக்கு இல்ல. இருபது வருஷமா நான் இப்படித்தான் கேட்டிருக்கேன்."

இசாமு புரியாமல் பார்த்தார்.

"கூண்டுக்குள்ள உக்காந்து பாடுவியே. கப்பல் தட்டுல ஏறி நின்னு கையாட்டுறப்போ கண்ணாடி வழியா உன் வாய் அசையுறது எனக்குத் தெரியாதா? நீ யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்த."

இசாமுவின் வாய் மெல்லத் திறந்தது. தெரியுமா உனக்கு என்று உதட்டால் கேட்டார்.

"தெரியும்டா. எந்த வரியில இருக்கேன்னுகூடத் தெரியும். மூணாவது வரி வந்தாக் கண்ணை மூடிக்குவ. மேல அத்தனை டன் இரும்பு தொங்குது, இவன் கண்ணை மூடிட்டு உருகிட்டிருக்கான். கண்ணைத் தொறடா பாவின்னு கீழே நின்னு கத்துவேன். உனக்கு எங்க கேக்கும்?" கொஞ்ச நேரம் தம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். "ஆஸ்பத்திரிலேருந்து வந்தப்புறம் உன் வாய் அசையல. அதுதான் எனக்கு... சரி, விடு. குடி."

இசாமு குடித்தார்.

வெளியே வந்தபோது மூடுபனி இன்னும் அடர்ந்திருந்தது. தெய்சோ பாலத்தருகே பிரிந்தார். கன்ரோகு சிவப்புச் சட்டையோடு பனிக்குள் போகப் போக, முதலில் கால் மறைந்தது, பிறகு உடம்பு, கடைசியாகத் தொப்பி. இசாமு பட்டறைச் சுவரை ஒட்டி நடந்தார். பாதி கட்டிய கப்பல் விளக்கு வெளிச்சத்தில் தரையைத் தொடாமல் நிற்பதுபோலத் தெரிந்தது. அவருடைய கிரேனின் தலையைப் பனி விழுங்கியிருந்தது. இருபது வருஷம் உட்கார்ந்த கூண்டு அந்த வெள்ளைக்குள் எங்கோ மேலே இருந்தது. அவர் நின்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

நொபுயே தூங்கவில்லை. கணப்பு மேசைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். இசாமு எதிரே உட்கார்ந்தார். அவருக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக வீட்டில் சொல்ல நிறைய இருந்தது. கையை மைக்போலப் பிடித்துக் காட்டினார். கன்ரோகு நின்ற விதத்தைக் காட்டினார். பிறகு வாயை அசைத்து அந்த முதல் வரியைப் பாடிக் காட்டினார். கடைப்பக்கமே வந்திராதவளுக்கு இது என்ன புரியப்போகிறது என்ற நினைப்போடுதான் காட்டினார்.

நொபுயே உரித்த சுளையைக் கீழே வைத்தாள்.

"கடைசி விளக்கும் கரையைத் தாண்டிவிட்டது" என்றாள்.

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"கல்யாணமாகி ரெண்டாவது வருஷமோ மூணாவது வருஷமோ, ஒரு நாள் பேய்மழை. குடை எடுக்காமப் போயிட்டீங்க. நான் எடுத்துக்கிட்டு அந்தச் சந்துக்கு வந்தேன். கதவைத் தொறக்கப் போறேன், உள்ள யாரோ பாடுறாங்க. யார்ரா இது, இவ்வளவு நல்லாப் பாடுறாங்கன்னு நின்னுட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சது." அவள் ஆரஞ்சுத் தோலை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். "முடியிற வரைக்கும் நின்னேன். முடிஞ்சதும் உள்ள வரக் கூச்சமாயிடுச்சு. குடையை எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். நீங்க சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து, ஒரு குடை கொண்டுவரத் தோணலியான்னு என்னைத் திட்டினீங்க. அன்னிக்கு நாலு வார்த்தைக்கு மேல பேசினீங்க. ஞாபகம் இருக்கா?"

இசாமுவுக்கு ஞாபகம் இல்லை. அவர் கையை நீட்டி அவள் கையிலிருந்த தோலை வாங்கி வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பூனை இரண்டு பேர் கால்களுக்கும் நடுவே வந்து படுத்தது.

அந்த வசந்தத்தில் அவர் மத்சுயாமாவுக்கு வாராவாரம் ரயிலில் போக ஆரம்பித்தார். குரல்வளை எடுத்தவர்கள் ஒன்றுகூடிப் பேசப் பழகும் சங்கம் ஒன்று அங்கே இருந்தது. காற்றை உணவுக்குழாய்க்குள் விழுங்கி, ஏப்பம்போல மேலே கொண்டுவந்து, அதைச் சொல்லாக்குவது. சொல்வதற்கு எளிது. தகரக் கூரைக்குக் கீழே கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்த முதல் நாள் அவர் திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தார். ஆனால் அடுத்த வாரமும் போனார். கோடை முழுக்க ஒரு 'அ' கூட வரவில்லை. வீட்டில் அவர் காற்றை விழுங்குகிறபோதெல்லாம் நொபுயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு அவளே சோர்ந்து, நிற்பதை விட்டுவிட்டாள்.

இலையுதிர் காலத்தில் ஒரு சாயங்காலம் அவள் அடுப்படியில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. கரகரவென்று, தவளைக்குரல், யாருடையது என்றே தெரியாத குரல்.

"சூடு."

நொபுயே நறுக்குவதை விட்டாள். கத்தியோடு கூடத்துக்கு வந்து, "யாரு? யாரு உள்ள?" என்று கத்தினாள்.

உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ காற்றை விழுங்கினார்கள்.

"நான்."

அவள் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு, குளியலறைக் கதவோரம் அப்படியே உட்கார்ந்தாள். கதவின் பனிக்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆவிக்குள் அவர் தலை மங்கலாகத் தெரிந்தது.

"என்னங்க" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் மறுபடியும் காற்றை விழுங்கினார்.